பரண்ல கிடக்குற கம்ப்யூட்டர ஒரு ஃபைலா மாத்தலாமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு ஓரமா நாலு வரி எழுதியிருந்தேன், பழைய கம்ப்யூட்டர அதோட விண்டோஸ், சாஃப்ட்வேர், ஃபான்ட் எல்லாத்தோடயும் சேத்து ஒரே ஃபைலா மாத்தி புது கம்ப்யூட்டருக்குள்ள ஒரு ஜன்னல்ல ஓட்டலாம், அதுக்கு பேரு விர்ச்சுவல் மெஷின், சுருக்கமா விஎம், பழைய ஃபைல்கள காப்பாத்த இது ஒரு வழின்னு. அவ்ளோதான் எழுதுனேன். அதுக்கு இத்தன கடிதம் வரும்னு எதிர்பாக்கல. பாதிப் பேரு டிடிபி ஆளுங்க, மீதி கணக்குப்பிள்ளைங்க. எல்லாருக்கும் தனித்தனியா எழுத முடியாது, பொதுவா உதவுற மாதிரி இருக்கறத எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: கும்பகோணத்துல டிடிபி சென்டர் வச்சிருக்கேன். 1998ல இருந்து 2007 வரைக்கும் அடிச்ச கல்யாணப் பத்திரிகை, தலபுராணம், கும்பாபிஷேக மலர் எல்லாம் பக்கம் கட்டற சாஃப்ட்வேரான பேஜ்மேக்கர் 6.5ல இருக்கு. அத திறக்கறதுக்குன்னே ஒரு விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர உயிரோட வச்சிருக்கேன், எஸ்எம்பிஎஸ் (உள்ள கரண்ட் குடுக்கற பெட்டி) மட்டும் ரெண்டு தடவ மாத்தியாச்சு. பையன் "எல்லாத்தயும் பிடிஎஃப் ஆக்கிட்டு எடைக்குப் போடுங்கப்பா"ங்கறான். போடலாமா?

பதில்: அவசரப்பட்டு போட்டுறாதீங்க சார். பையன் சொல்றது பாதி சரி. பிடிஎஃப் ஆக்கறது நல்லதுதான், ஆனா பிடிஎஃப் பாக்கறதுக்கு, திருத்தறதுக்கு இல்ல. 2004ல மலர் போட்ட அதே கோயில்காரங்க பன்னெண்டு வருஷம் கழிச்சு அடுத்த கும்பாபிஷேகத்துக்கு வந்து நிப்பாங்க, "பழசுலயே தேதிய மட்டும் மாத்தி, தக்கார் பேர மாத்திக் குடுங்க"ம்பாங்க, அப்ப பிடிஎஃப வச்சு என்ன பண்ணுவீங்க? இன்னொண்ணு, அந்தக் காலத்து தமிழ் ஃபான்ட் எல்லாம் யூனிகோட் (எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கம்) கிடையாது, இங்கிலீஷ் எழுத்தோட இடத்துல தமிழ் வடிவத்த வரைஞ்சு வச்சிருப்பாங்க. பிடிஎஃப்ல ஃபான்ட் உள்ளயே பதிஞ்சிருக்கறதால கண்ணுக்கு நல்லா தெரியும், ஆனா அதுலருந்து ஒரு வரிய காப்பி பண்ணி வேற எடத்துல ஒட்டிப் பாருங்க, குப்பையா வரும்.

சரி, பேஜ்மேக்கருக்கு அடுத்து வந்த இன்டிசைன்ல திறந்துக்கலாமேன்னு கேப்பீங்க. இன்டிசைன் சிஎஸ்6 வரைக்கும் பேஜ்மேக்கர் 6, 6.5, 7 ஃபைல திறக்கும், அதுக்கப்புறம் வந்த சிசி வெர்ஷன்கள்ல அந்த வசதியவே எடுத்துட்டாங்க. சிஎஸ்6 வச்சிருக்கற நண்பர் யாராவது இருந்தாலும் ஃபைல் திறக்கும்தான், ஆனா வரி மடங்குற இடம் மாறி, கட்டத்துக்குள்ள இருந்த பாட்டு கட்டத்த விட்டு வெளிய எட்டிப் பாக்கும். எட்டுப் பக்கம்னா சரி பண்ணிடலாம், இருநூறு பக்க மலர்னா ஆள விடுங்கன்னு ஓடிருவீங்க.

இங்கதான் விஎம் உதவுது. அதுக்குள்ள ஓடறது உங்க அதே எக்ஸ்பி, அதே பேஜ்மேக்கர், அதே ஃபான்ட். ஆனா "அதே"ங்கறது எவ்ளோ தூரம் போகுதுன்னு பாருங்க. பேஜ்மேக்கர் எந்த பிரிண்டர நெனச்சு பக்கம் கட்டுனோமோ அத ஞாபகம் வச்சுக்கும், வேற பிரிண்டர குடுத்தா வரியே நகரும், அதனால பழைய பிரிண்டர் வீட்ல இல்லேன்னாலும் அதோட டிரைவர் விஎம்முக்குள்ள இருக்கணும். பெரிய படங்கள பேஜ்மேக்கர் ஃபைலுக்குள்ள வைக்காம வெளிய லிங்க்கா வச்சிருப்பீங்க, டி டிரைவ்ல மலர்-படம்னு ஒரு ஃபோல்டர் இருந்திருந்தா விஎம்லயும் டி டிரைவ்ல அதே பேர்ல இருக்கணும், இல்லேன்னா ஒவ்வொரு படத்துக்கும் "எங்க இருக்கு"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். இதுக்காகத்தான் ஃபைல மட்டும் சிடில காப்பி பண்ணி வச்சா பத்தாது, மெஷினையே சேத்து வைங்கன்னு சொல்றேன்.

எப்படி பண்றதுன்னா ரெண்டு வழி. ஒண்ணு, பழைய ஹார்ட் டிஸ்க்க கழட்டி யூஎஸ்பி அடாப்டர்ல மாட்டி, லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூ மாதிரி ஒண்ண வச்சு முழு டிஸ்க்கையும் ஒரே இமேஜ் ஃபைலா எடுத்து, அத விர்ச்சுவல்பாக்ஸ்ங்கற இலவச விஎம் சாஃப்ட்வேருக்கு ஏத்த வகைக்கு மாத்தி அதுல பூட் பண்றது. இதுல ஒரு சிக்கல், எக்ஸ்பி புது மதர்போர்டப் பாத்து மெரண்டு நீல ஸ்க்ரீன் காட்டும், 7பின்னு முடியற எரர், டிஸ்க் கன்ட்ரோலர் மாறிடுச்சுன்னு அர்த்தம். விஎம் செட்டிங்ல டிஸ்க்க சாட்டாங்கற புது வகை இணைப்புல இல்லாம ஐடிஇங்கற பழைய வகைல வைங்க, அதுலயே பாதி பேருக்கு சரியாகும், மீதிக்கு எக்ஸ்பி சிடிய போட்டு ரிப்பேர் பண்ணணும். அப்புறம் ஹார்ட்வேர் மாறிப்போச்சுன்னு ஆக்டிவேஷன், அதாவது லைசென்ஸ் சரிபார்ப்பு வேற கேக்கும். ரெண்டாவது வழி, காலி விஎம்ல எக்ஸ்பிய புதுசா போட்டு, சிடிலருந்து பேஜ்மேக்கர், ஃபான்ட், டிரைவர் எல்லாம் ஒவ்வொண்ணா ஏத்தறது. சுத்தமா இருக்கும், ஆனா என்ன என்ன இன்ஸ்டால் பண்ணோம்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கணும். நான் ரெண்டையும் பண்ணச் சொல்லுவேன். முதல் இமேஜ தொடாம ஓரமா வச்சிருங்க, ரெண்டாவது விஎம்ல வேலை பாருங்க, ஏதாவது ஃபான்ட் விட்டுப்போச்சுன்னா முதல் இமேஜ்லருந்து எடுத்துக்கலாம்.

உங்க தமிழ் சாஃப்ட்வேர் டாங்கிள் போட்டா மட்டும் ஓடற வகையா, அதான் பிரிண்டர் போர்ட்ல சொருகுற பூட்டு? கடிதத்துல எழுதல. யூஎஸ்பி டாங்கிள்னா விஎம்முக்குள்ள இணைச்சுக்கலாம். பழைய பேரலல் போர்ட் டாங்கிள்னா இப்ப வர்ற மதர்போர்ட்ல அந்த ஓட்டையே இருக்காது, பெரிய தலவலி. அப்படி இருந்தா அந்த பழைய பெட்டி ஓடற நாள்லயே எல்லா ஃபைலையும் பிடிஎஃப்பாவும், உள்ள இருக்கற எழுத்த மட்டும் தனி டெக்ஸ்ட் ஃபைலாவும் எடுத்து வச்சிருங்க. எஸ்எம்பிஎஸ் மூணாவது தடவ போறதுக்குள்ள.

கேள்வி: டொரொன்டோவில இருந்து எழுதுறன். அப்பா யாழ்ப்பாணத்தில இருக்கேக்க பாமினி எழுத்துருவில அடிச்சு வச்ச வேர்ட் கோப்புகள் நானூறு கிட்ட இருக்கு. திறந்தா எல்லாம் ஆங்கில எழுத்தாத் தெரியுது. விஎம் வேணுமா?

பதில்: வேண்டாம்ங்க, இதுக்கு விஎம் போட்டா எலி பிடிக்க யானைய கூட்டிட்டு வந்த கதையாயிடும். "தமிழ்"னு அப்பா அடிச்ச எடத்துல ஜே, கே, பி, ஓ, செமிகோலன்னு தெரியுதா? அப்ப ஃபைல் ஒண்ணும் கெடல, அதுதான் பாமினி, ஃபான்ட்ட இன்ஸ்டால் பண்ணா தமிழாத் தெரியும். நிரந்தரமா வேணும்னா யூனிகோடுக்கு மாத்திருங்க, என்ஹெச்எம் கன்வர்ட்டர் மாதிரி இலவசமா கிடைக்குது, பாமினி, டிஸ்கி, டாம், டாப்னு பழைய தமிழ் குறியாக்கம் எல்லாத்தயும் மாத்தும். 1999ல தமிழ்நாடு அரசு டாமும் டாபும்தான் தரம்னு அறிவிச்சது, 2010ல யூனிகோடுக்கு வந்துருச்சு, நடுவுல ஆளாளுக்கு ஒரு குறியாக்கம். அதனால மாத்தறதுக்கு முன்னாடி எது எந்த ஃபான்ட்னு பாத்துக்குங்க. ஒரே ஃபைல்ல இங்கிலீஷும் தமிழும் கலந்திருந்தா இங்கிலீஷ் வரியும் சேந்து தமிழாகி உளறும், அத கையால பிரிக்கணும். ஒரிஜினல் வேர்ட் ஃபைல அழிக்காதீங்க, கூடவே அந்த பாமினி ஃபான்ட் ஃபைலையும் அதே ஃபோல்டர்ல போட்டு வைங்க.

கேள்வி: விர்ச்சுவல் மெஷினும் எமுலேட்டரும் ஒண்ணுதானே? காலேஜ்ல சார் வேற வேறன்னு சொல்றார், ஆனா ஏன்னு சொல்லல. – கோயம்புத்தூர் மாணவி

பதில்: சார் சொல்றது சரி, நம்ம விஷயத்துல (அதாவது நாப்பது வருஷம் கழிச்சு திறக்கணும்ங்கற விஷயத்துல) இந்த வித்தியாசம்தான் முக்கியம். விஎம்முக்குள்ள ஓடற சாஃப்ட்வேரோட கட்டளைகள உங்க நிஜமான பிராசஸரே நேரா செய்யுது, அதனால வேகமா இருக்கும், ஆனா ரெண்டும் ஒரே குடும்ப பிராசஸரா இருக்கணும். எமுலேட்டர் அப்படி இல்ல, வேற ஒரு பிராசஸர மென்பொருளாவே நடிச்சுக் காட்டும், ஒவ்வொரு கட்டளையா மொழிபெயர்த்து. மெதுவா இருக்கும், ஆனா எந்த மெஷின்லயும் ஓட வைக்கலாம்.

இதுல என்ன வந்துச்சுன்னா, 2020ல ஆப்பிள் இன்டெல்ல விட்டுட்டு எம்1ன்னு ஆர்ம் குடும்பத்து சிப்புக்கு மாறுச்சு. அதுவரைக்கும் மேக்ல ஜம்முனு ஓடிக்கிட்டிருந்த விண்டோஸ் எக்ஸ்பி விஎம் எல்லாம் புது மேக்ல விஎம்மா ஓடாது. இப்ப யூடிஎம்னு ஒண்ணு இருக்கு, அது உள்ள கியூஇஎம்யூங்கற எமுலேட்டர வச்சு ஓட்டுது, நத்தை மாதிரி ஓடும், ஆனா ஓடும். பழைய எக்ஸ்பிக்கு அந்த வேகமே போதும். ஆக இன்னிக்கு விஎம்மா வைக்கறது நாளைக்கு எமுலேட்டர்ல ஓடப்போகுதுன்னு நெனச்சே வைக்கணும்.

இந்த கியூஇஎம்யூவ 2003ல ஃபப்ரீஸ் பெல்லார்ட்ங்கற பிரெஞ்சுக்காரர் ஆரம்பிச்சார், சோர்ஸ் கோட் திறந்தே கிடக்குது, பல நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் இத பயன்படுத்தறாங்க. ஒரு கம்பெனி விக்கற விஎம் சாஃப்ட்வேர நம்பி அம்பது வருஷத் திட்டம் போடறது எனக்கு சரியாப் படல.

கேள்வி: ஓலைச்சுவடி முன்னூறு வருஷம் நின்னுச்சு, உங்க சிடி பத்து வருஷம் நிக்கல. பேசாம பிரிண்ட் எடுத்து பைண்ட் பண்ணி வைங்கய்யா! – திருநெல்வேலி வாசகர், வயது 74

பதில்: ஐயா, கோபம் நியாயம்தான். ஆனா ஓலை தானா நிக்கல, நம்ம வெக்கைக்கும் செல்லுக்கும் அதுவும் உதிரும், ஒவ்வொரு தலைமுறையிலயும் ஒருத்தர் உக்காந்து புது ஓலைல படி எடுத்ததாலதான் நின்னுச்சு, எடுக்காத சுவடி போயே போச்சு.

நீங்க சொல்ற கணக்குக்கு இன்னும் பொருத்தமான கதை இங்கிலாந்துல இருக்கு. அங்க 1086ல ராஜா வில்லியம் நாட்டுல யாருக்கு எவ்ளோ நிலம், எத்தன ஏர்னு கணக்கெடுத்து தோல்ல எழுதி வச்சாங்க, டூம்ஸ்டே புக்னு பேரு. அதோட 900வது வருஷத்த கொண்டாட 1986ல பிபிசி புது டூம்ஸ்டே ஒண்ணு பண்ணுச்சு, பள்ளிக்கூடப் பசங்கள விட்டு ஊர் ஊரா படம், வரைபடம், கட்டுரைன்னு சேத்து ரெண்டு லேசர் டிஸ்க்ல ஏத்துனாங்க, அத படிக்க பிபிசி மாஸ்டர்னு ஒரு கம்ப்யூட்டரும் அதுக்குன்னே செஞ்ச ஒரு டிஸ்க் பிளேயரும் வேணும். 2000 வாக்குல பாத்தா ஓடற பிளேயரத் தேடி அலைய வேண்டிய நிலைமை. 900 வருஷத் தோல் புக்க இன்னிக்கும் லண்டன்ல கியூங்கற எடத்துல காப்பகத்துல வச்சு படிக்கறாங்க, பதினஞ்சு வருஷத்து டிஸ்க்க படிக்க ஆளில்ல.

உங்க கட்சி ஜெயிச்சிடுச்சுன்னு நினைக்காதீங்க ஐயா, கதை முடியல. லீட்ஸ் பல்கலைக்கழகமும் மிச்சிகன் பல்கலைக்கழகமும் சேந்து கமிலியான்னு ஒரு திட்டத்துல அந்த பழைய கம்ப்யூட்டரையும் பிளேயரையும் மென்பொருளா நடிக்க வச்சு 2002ல ஓட்டிக் காட்டுனாங்க. அப்ப அந்த மெஷினத் தெரிஞ்ச ஆளுங்க இன்னும் இருந்தாங்க, ஓடற பெட்டி ஒண்ணு ரெண்டு கிடைச்சுது, அதனால முடிஞ்சுது. இருபது வருஷம் லேட்டா ஆரம்பிச்சிருந்தா? அப்புறம் 2011ல பிபிசி அதே தகவல வெப்சைட்டா போட்டுச்சு, 2018ல அதயும் மூடி தேசிய காப்பகத்துக்கு அனுப்பிட்டாங்க. டிஸ்க், எமுலேட்டர், வெப்சைட், காப்பகம்னு முப்பது வருஷத்துல நாலு வீடு மாறியாச்சு.

பிரிண்ட் எடுக்கறது நல்ல யோசனை, எழுத்துக்கு. கணக்கு போடற புரோகிராம பிரிண்ட் எடுக்க முடியாதே.

கேள்வி: திருப்பூர். அப்பா 1994ல ஒருத்தர வச்சு ஃபாக்ஸ்ப்ரோல எழுதி வாங்கின பில்லிங் புரோகிராம், பழைய பார்ட்டி கணக்கு எல்லாம் அதுலதான். புது லேப்டாப்ல டபுள் கிளிக் பண்ணா "திஸ் ஆப் கான்ட் ரன் ஆன் யுவர் பிசி"ன்னு வருது. எழுதுனவர் இப்ப இல்ல.

பதில்: உங்க புரோகிராம் டாஸ்ங்கற பழைய சிஸ்டத்துக்கு எழுதுனதா இருக்கும், இப்ப வர்ற 64 பிட் விண்டோஸ்ல டாஸ் புரோகிராம் ஓடறதுக்கு வேண்டிய பகுதியே கிடையாது, உங்க ஃபைல் மேல தப்பில்ல. முதல்ல பதட்டப்படாம அந்த ஃபோல்டர்ல டிபிஎஃப்னு முடியற ஃபைல் இருக்கான்னு பாருங்க, அத லிப்ரேஆபிஸ் கால்க்ல திறந்தா வரிசை வரிசையா உங்க கணக்கு தெரியும். காப்பி எடுத்துட்டு காப்பிய திறங்க, ஒரிஜினல திறந்து சேவ் கொடுத்துறாதீங்க.

ஆனா அது வெறும் அட்டவணை. எந்த பார்ட்டிக்கு எப்படி வட்டி போட்டாங்க, லெட்ஜர் எப்படி பிரிச்சாங்கங்கறது புரோகிராமுக்குள்ள இருக்கு, அதுக்குத்தான் ஓட்டிப் பாக்கணும். டாஸ்பாக்ஸ்னு இலவச எமுலேட்டர், 2002ல வந்தது, விளையாட்டுக்குன்னு செஞ்சது, அதுல உங்க புரோகிராம் திறக்கும்னு நினைக்கிறேன். பாக்கறதுக்கு மட்டும் வைங்க, தினசரி பில் போடற வேலைக்கு வேண்டாம், அத செஞ்சவங்களே அதுக்குன்னு செய்யல. பிரிண்ட் எடுக்கணும்னா டாஸ்பாக்ஸ்-எக்ஸ்னு இன்னொரு வகை இருக்கு, அதுல பிரிண்டர் வசதி உண்டு.

மொத்தமும் சேந்து பத்து எம்பி கூட வராது. ரெண்டு பென்டிரைவ், ஒரு ஹார்ட் டிஸ்க், மெயில்ல ஒண்ணுன்னு போட்டு வச்சிருங்க. அப்பா கூட உக்காந்து எந்த மெனுல எது வரும்னு போன்ல ஒரு வீடியோ எடுத்து வைங்க, எழுதுனவர் இல்லாத புரோகிராமுக்கு அப்பாதான் இப்ப மேனுவல்.

கேள்வி: சரி, விஎம் போட்டாச்சு. அந்த விஎம் ஃபைல எப்படி பத்திரமா வைக்கறது? – மதுரை

பதில்: இந்தக் கேள்விய யாராவது கேக்கணும்னு காத்துக்கிட்டிருந்தேன், ஏன்னா இதுல நானே விழுந்திருக்கேன். ஆறேழு வருஷம் முன்னாடி ஒரு விஎம்ல ஸ்னாப்ஷாட் (விஎம் அந்த நேரத்துல இருக்கற நிலைய அப்படியே பிடிச்சு வைக்கறது) மேல ஸ்னாப்ஷாட்டா எடுத்து வச்சிருந்தேன், கம்ப்யூட்டர் மாத்தறப்ப பெரிய டிஸ்க் ஃபைல மட்டும் காப்பி பண்ணிட்டு பழசு மொத்தத்தயும் ஃபார்மட் பண்ணிட்டேன். ஸ்னாப்ஷாட் எடுத்தா அதுக்கப்புறம் நடக்கற மாற்றம் எல்லாம் தனித்தனி சின்ன ஃபைல்ல போகும், அது எனக்கு அன்னிக்கு தெரியல. திறந்து பாத்தா விஎம் முதல் நாள் இருந்த மாதிரி புத்தம் புதுசா இருக்கு, ஒரு வருஷ வேலையக் காணோம்.

அதனால காப்பகத்துக்கு வைக்கற விஎம்ல ஸ்னாப்ஷாட் எல்லாத்தயும் ஒண்ணாச் சேத்துட்டு, விஎம்ம தூங்க வைக்காம ஒழுங்கா ஷட்டவுன் பண்ணிட்டு அப்புறம் காப்பி எடுங்க. பாஸ்வேர்ட் பூட்டு போடாதீங்க, உங்களுக்கு அப்புறம் திறக்கப் போறவங்களுக்கு உங்க பாஸ்வேர்ட் தெரியாது. டிஸ்க் ஃபைல் விடிஐ, விஎம்டிகே, விஹெச்டின்னு கம்பெனிக்கு ஒரு வகையா இருக்கும், கூடவே ரா வகைல ஒரு காப்பி வைங்க, அது டிஸ்க்ல இருக்கறத அப்படியே வரிசையா எழுதுனது, பெரும்பாலான விஎம் சாஃப்ட்வேர் அத நேராவோ தன் வகைக்கு மாத்தியோ படிக்கும். கியூஇஎம்யூவோட வர்ற சின்ன டூல்லயே ஒரு வரில மாத்திடலாம்.

அப்புறம் அந்த ஃபைலோட ஷா-256 கணக்க எடுத்து எழுதி வைங்க. ஃபைலுக்கு கைநாட்டு மாதிரி அது, ஒரு பிட் மாறுனாலும் வேற எண் வரும். ஒரு ஃபோட்டோ ஃபைல்ல ஒரு பிட் போனா பெரும்பாலும் அந்த ஒரு படம்தான் கெடும், அவ்ளோதான், விஎம் டிஸ்க்ல போகக்கூடாத எடத்துல போனா ஸ்டார்ட்டே ஆகாது. அதனால மூணு காப்பி, அதுல ஒண்ணு வேற வீட்ல. எல்லாரும் கேக்காம விடற விஷயம் இது, விஎம்ங்கறது ஓட்டறதுக்கான வழிதான், பேக்கப் கிடையாது. உங்க முக்கியமான ஃபைல்கள விஎம்முக்குள்ள மட்டும் வைக்காதீங்க, வெளியவும் தனி ஃபோல்டர்ல அதே ஃபைல் இருக்கணும்.

கூடவே ஒரு சாதா டெக்ஸ்ட் ஃபைல்: இதுல எந்த விண்டோஸ், எவ்ளோ ரேம் குடுக்கணும், லாகின் என்ன, ஃபைல் எந்த டிரைவ்ல, எந்த ஐகான அமுக்கணும். ரேம் எழுதச் சொல்றது சும்மா இல்ல, விண்டோஸ் 98க்கு 512 எம்பிக்கு மேல குடுத்தா தகராறு பண்ணும், 256 குடுத்தா சமத்தா ஓடும். விண்டோஸ் 95 இன்னும் மோசம், இன்னிக்கு பிராசஸர் வேகத்தப் பாத்து பூட் ஆகறப்பவே "ப்ரொடெக்ஷன் எரர்"னு படுத்துரும், அதுக்கு 86பாக்ஸ் மாதிரி அந்தக் காலத்து வேகத்தயே நடிக்கற எமுலேட்டர்தான் சரி.

வருஷத்துக்கு ஒரு தடவ, ஆயுத பூஜை அன்னிக்குன்னு வச்சுக்குங்களேன், பொட்டு வைக்கறதோட திறந்து ஒரு ஃபைல ஓட்டிப் பாருங்க.

கேள்வி: பழைய எக்ஸ்பில வைரஸ் வராதா?

பதில்: வரும். 2014 ஏப்ரலோட எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்ட நிறுத்திருச்சு. விஎம் செட்டிங்ல நெட்வொர்க் கார்ட எடுத்துருங்க, ஃபைல உள்ள வெளிய கொண்டு போக ஐஎஸ்ஓ ஃபைலா மாத்தி சிடி மாதிரி மாட்டுங்க. நெட் இல்லாத பெட்டிக்கு பாதி பயம் கிடையாது.

கேள்வி: பெரிய நூலகங்கள் எல்லாம் இத பண்றாங்களா, இல்ல நாமதான் பைத்தியக்காரத்தனமா பண்றோமா? லைசென்ஸ் பிரச்சன வராதா?

பதில்: பண்றாங்க. அமெரிக்காவுல எமரி பல்கலைக்கழகத்துக்கு எழுத்தாளர் சல்மான் ருஷ்டியோட காகிதங்களோட அவர் கம்ப்யூட்டர்களும் வந்துச்சு, அதுல மேகின்டோஷ் பெர்ஃபார்மா 5400 ஒண்ண எமுலேட்டர்ல உயிர்ப்பிச்சு 2010ல ஆய்வாளர்களுக்கு திறந்து விட்டாங்க, அவர் திரைல பாத்த மாதிரியே போய் பாக்கலாம். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்துல ஆலிவ்னு ஒரு திட்டம், விஎம் முழுசையும் டவுன்லோட் பண்ணாம யூடியூப் வீடியோ மாதிரி தேவைப்பட்ட பகுதி மட்டும் வந்து ஓடும். அதுக்குப் பின்னால இருக்கற மகாதேவ் சத்யநாராயணன் நம்ம மெட்ராஸ் ஐஐடில படிச்சவர்ங்கறது ஒரு சின்ன சந்தோஷம். அதுல 1997 வருஷத்து வருமானவரி சாஃப்ட்வேர் கூட வச்சிருக்காங்க.

லைசென்ஸ்தான் அங்கயும் முட்டுக்கட்டை. ஆலிவ்ல இருக்கறத எல்லாருக்கும் திறந்து விட முடியாம ஆய்வாளர்களோட நிறுத்தி வச்சிருக்கறதே அதனாலதான். சாஃப்ட்வேர் பழசாயிடுச்சு, விக்கறத நிறுத்திட்டாங்கங்கறதுக்காக அது இலவசமாயிடாது. உங்ககிட்ட ஒரிஜினல் சிடியும் கீயும் இருந்தா அத விஎம்ம விட பத்திரமா வைங்க, சிடி உறை மேல இருக்கற கீ நம்பர ஃபோட்டோ எடுத்துக்குங்க, அந்த மை கையால தேச்சாலே போயிடும்.

கேள்வி: 2001ல நடந்த எங்க கல்யாண விசிடி இருக்கு. அதுக்கும் விஎம் வேணுமா?

பதில்: வேணாம்மா. உள்ள டேட்னு முடியற ஃபைல் இருக்கும், விஎல்சி பிளேயர்ல இன்னிக்கும் ஓடும். சிடிலதான் கீறல் விழுந்திருக்கும், படிக்கறப்ப அங்கங்க நின்னா வேற டிரைவ்ல போட்டு மெதுவா காப்பி எடுங்க, ஒரு டிரைவ் விட்டத இன்னொண்ணு படிச்சிரும்.